கிரீஸ் கலையாத துப்பாக்கி

— இது என்ன எளவு?

— பைய பேசு, தேவகனி. பக்கத்து ஃபிளாட்ல ஆளு இருக்கு.

— ஆளு இருந்தா இருக்கட்டும். நைட் டூட்டி முடிஞ்சு வந்து செத்த நேரம் தலைய சாய்ப்போம்னு பாத்தா, எனக்க பூப்போட்ட விரிப்பக் காணல்ல. எங்கன்னு குனிஞ்சு தேடுனா கட்டிலுக்கு அடியில பொணத்தச் சுத்தி வச்ச மாதிரி கெடக்கு. பிரிச்சா துப்பாக்கி! நான் படுக்க கட்டிலுக்கு அடியில துப்பாக்கி!

— அது பழசு பிள்ளே. ஆன்டிக். சும்மா பாக்கதுக்குள்ளது.

— பாக்கதுக்குள்ளதுன்னா ஷோகேஸ்ல வையும். ஏன் கட்டிலுக்கு அடியில வச்சீரு?

— நீ முதல்ல அத கீழ வை. அப்பிடிப் பிடிக்காத. கட்டையில கீறல் விழுந்தா போச்சு.

— கட்டையில கீறல் விழுந்துருமாம்! எனக்க மண்டையில விழுந்தா ஒமக்குப் பெருசில்ல.

— சொல்லுகதக் கேளு. இது கண்டவன் வச்சிருக்க துப்பாக்கி இல்ல. ரஷ்யாக்காரனுக்க எஸ்.கே.எஸ். செமி ஆட்டோமேட்டிக். விரல ஒரு தடவ இழுத்தா ஒரு குண்டு போகும், அடுத்தது தானா ஏறிக்கிடும். இந்தா, மூடியில நட்சத்திரம் தெரியுதா? அதுக்குக் கீழ அம்பத்தி மூணுன்னு வருஷம் போட்டிருக்கான். நான் பொறக்கதுக்கு எம்புட்டோ முன்ன உள்ளது. பூட்டுல, பின்னால இழுத்து விடுக இந்த இரும்புல, ஒரு நம்பர், மூடியில ஒரு நம்பர், கட்டையில ஒரு நம்பர், எல்லாம் ஒண்ணு போல. வேற எந்தத் துப்பாக்கிய எடுத்தாலும் நம்பர் மாறித்தான் கெடக்கும், கேட்டியா?

— நான் இப்ப ஒம்மகிட்ட இதுக்க ஜாதகமா கேட்டேன்? யாருக்கது இது?

— முதலாளி பூ நாஸருக்கது.

— எனக்குத் தெரியும். ஒம்ம வாயால வரட்டும்னுதான் கேட்டேன்.

— அவருக்க மியூசியத்துல இது மாதிரி எம்புட்டோ கெடக்கு. எகிப்துக்காரனுக்க ஹக்கீம் இருக்கு, அமெரிக்காக்காரனுக்க காரண்ட் இருக்கு. எல்லாத்துக்கும் அவரு லைசன்ஸ் வச்சிருக்காரு.

— அவருக்கு லைசன்ஸ். ஒமக்கு?

— அவரு எனக்க கஃபீலுல்லா.

— கஃபீல்னா விசா தந்தவரு. ஏசி ரிப்பேர் பாக்கதுக்குத் தந்த விசா. துப்பாக்கிய வீட்டுல கொண்டு ஒளிச்சு வைக்கணும்னு அந்த விசாவுல அடிச்சிருக்கா?

— ஏசி மெக்கானிக்குன்னு எளக்காரமாச் சொல்லாத. பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்து பென்ஷன் வாங்குகவனாக்கும் நான். பூ நாஸர் என்ன உஸ்தாதுன்னுதான் கூப்பிடுகாரு, தெரியும்லா? எங்க துப்பாக்கி விலைக்கு வந்தாலும் என்ன வண்டியில ஏத்திட்டுப் போவாரு. நான் கையில வாங்கி, பூட்ட ஒரு இழு இழுத்து, கொள்ளாம்னு சொன்னாத்தான் வாங்குவாரு. வேண்டாம்னா வேண்டாம்.

— உஸ்தாது! ஒமக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வால ஆட்டிக்கிட்டுப் போயிருவீரு.

— வாய அடக்கிப் பேசு, தேவகனி.

— அடக்க மாட்டேன். எதுக்கு இது இங்க வந்துது?

— மதிப்பு போடத் தந்தாரு. இத்தாலிக்காரன் ஒருத்தன் வாங்க வாறான். அதுக்கு முன்ன ஒண்ணு விடாமப் பாத்துச் சொல்லுன்னாரு.

— அவருக்கு வஃப்ராவுல கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி தோட்டம் கெடக்கு. அங்க வச்சுப் பாக்க ஒரு மேசை இல்லாமப் போச்சா?

— இங்கன்னா நிதானமாப் பாக்கலாம்லா.

— யாரு கொண்டு வந்தது?

— அவருக்க மவன் நாஸர்.

— எப்பிடி?

— எப்பிடின்னா? வண்டியிலதான்.

— நெஞ்சத் தொட்டுச் சொல்லும்.

— கார்பெட்டுல சுருட்டிக் கொண்டு வந்தான். இப்ப என்ன அதுக்கு?

— ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழம காலையில அந்தத் தோட்டத்துல உடையப்பனுக்குக் குண்டு படுது. சனிக்கிழம சாயங்காலம் முதலாளிக்க மவன் கார்பெட்டுல துப்பாக்கியச் சுருட்டிக்கிட்டு நம்ம வீட்டுப் படி ஏறுகான். வேற ஒண்ணுமில்ல.

— அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாத. அது எவனோ பறவை சுட வந்தவன் சுட்டது. கேம்ப் சீசன். பர்ருல, அந்த மணல்காட்டுல, எங்க பாத்தாலும் கூடாரம். எவன் எங்க சுடுகான்னு யாருக்குத் தெரியும்? பூ நாஸரும் போலீஸ்ல அப்பிடித்தான் சொல்லியிருக்காரு.

— பறவை உடையப்பனுக்க தொடையிலயா இருந்துது?

— ஏன் என்கிட்ட எரிஞ்சு விழுக? எனக்கு மட்டும் வெப்ராளம் இல்லியா? அவனுக்கு விசா வாங்கிக் குடுத்தது நானாக்கும். சிவகங்கையில பொண்டாட்டி, பிள்ளைய விட்டுட்டு வந்தவன் நான் கைகாட்டுன எடத்துலதான் வேலைக்கு நின்னான்.

— ஆமா, நீரு கைகாட்டுன எடத்துலதான் நின்னான். அதத்தான் நானும் சொல்லுகேன்.

— என்ன சொல்லுக நீ?

— கால எடுத்தாச்சு.

— எடுத்தாச்சா? எப்போ?

— தொடையில பாதி வச்சு. நேத்து எனக்க வார்டுக்குக் கொண்டு வந்தாவ. போர்வைய இழுத்து விடுகேன், ஒரு பக்கம் தட்டையாக் கெடக்கு. கண்ணத் தொறந்தான். 'தேவியக்கா, பெருவெரலு அரிக்குதுக்கா, கொஞ்சம் சொறிஞ்சு விடுறீகளா'ன்னான். எந்தக் காலுன்னு நான் கேக்கல்ல. இருக்க காலச் சொறிஞ்சேன். 'அதுல்லக்கா, மத்தது'ங்கான்.

— கடவுளே. பேசுகானா அவன்?

— கேள்விய நான் கேக்கேன். இந்தத் துப்பாக்கியில சுட்டிருக்கா?

— இதுலயா? நீ இத சரியாப் பாத்தியா? இது கிரீஸ் கலையாத துப்பாக்கி. ஃபேக்டரியில இருந்து பெட்டியில போடும்போது மஞ்சக் கிரீஸ்ல முக்கி எடுப்பான். கப்பல்ல போனாலும் துரு ஏறாது. அந்தக் கிரீஸ் அப்பிடியே இருந்தா எவன் கையும் படல்லன்னு அர்த்தம். வாங்க வாறவன் அதத்தான் முதல்ல பாப்பான். அதத் தொடச்சிட்டா மதிப்பே போச்சு.

— சுட்டிருக்கா இல்லியா?

— இல்ல.

— பைபிள எடுத்துட்டு வரட்டா?

— தொட்டதுக்கெல்லாம் பைபிள எடுக்காத.

— அப்போ இந்த விரிப்ப மோந்து பாரும். வியாழக்கிழம வெளுத்து மடிச்சு வச்ச விரிப்பு. வெடி வெடிச்ச தெருவு மாதிரி மணக்குது. இந்தா, கருப்பா இழுவி வச்சிருக்கு.

— எண்ண அழுக்கு அது.

— எண்ண அழுக்கா கரியான்னு பாத்தாத் தெரியாதா எனக்கு? நான் அடுப்பு துடைச்சதில்லியா, விளக்கு துடைச்சதில்லியா? ஏன் இப்பிடிப் பொய் சொல்லுகீரு? யாருக்குப் பயந்து?

— கத்தாத.

— கத்துவேன். மூணு மாடிக்கும் கேக்கக் கத்துவேன்.

— சரி, நிறுத்து. நிறுத்து! சுட்டிருக்கு. போதுமா?

— எப்பிடித் தெரியும் ஒமக்கு?

— குழலுக்கு மேல ஒரு பைப் உண்டு. குண்டு போகும்போது கொஞ்சம் புகை அதுல ஏறி, அதுதான் பூட்டப் பின்னால தள்ளும். அதக் கழத்திப் பாத்தேன். பழைய கரின்னா கல்லு மாதிரி இருக்கும். இது விரல்ல ஒட்டிச்சு. புதுசு.

— எப்போ கழத்திப் பாத்தீரு?

— வந்த அன்னைக்கே.

— சனிக்கிழமையா?

— ம்.

— சனிக்கிழம நான் சோறு வச்சுத் தந்தேன். உடையப்பனுக்காக ஜெபம் பண்ணுவோம்னு கூப்பிட்டேன். நீரும் வந்து முட்டுப் போட்டீரு. நம்ம மவ ஜெனின் சின்னப் பிள்ள, அவகூட அழுதா. நீரு ஆமென்னு சொன்னீரு, நேசையன்! சத்தமாச் சொன்னீரு! சொல்லிட்டு இதுக்க மேலேயே படுத்துத் தூங்குனீரு!

— தூங்கல்ல நான்.

— தூங்கல்லியாம். பெரிய தியாகம்.

— பூ நாஸர் கெஞ்சுனாரு, தேவகனி. அவரு எனக்கு முன்னால நின்னு கெஞ்சி நான் பாத்ததே இல்ல. தோட்டத்துக்குச் சோதனைக்கு வாறாங்க, இது ஒண்ணு மட்டும் ரெண்டு நாள் ஒன்கிட்ட இருக்கட்டும், நம்பிக்கையான கை ஒன்னுதுதான்னாரு.

— நம்பிக்கையான கை! ஒம்ம விரல் ரேகை இதுல எத்தன எடத்துல இருக்கும்? அவங்க தேடுவாங்க, தோட்டத்துல ஒண்ணும் கெடைக்காது. நாளைக்கு எவனாவது போன் பண்ணி, ஃபஹாஹீல்ல ஒரு இந்தியாக்காரன் வீட்டுல போய்ப் பாருங்கன்னு சொன்னா யாரு உள்ள போவா? பூ நாஸரா? அவருக்க மவனா?

— அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்ல.

— எல்லாரும் அப்பிடிப்பட்ட ஆளுதான். அவருக்குப் பிள்ளை இருக்கு. எனக்கும்தான் ஒரு பிள்ளை இருக்கு. ஸ்கூல் விட்டு அவ வாறதுக்கு முன்ன இத எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிரும். நானும் கூட வாறேன். நடந்தது எல்லாத்தையும் சொல்லுவோம்.

— முடியாது.

— ஏன்?

— முடியாதுன்னா முடியாது.

— முதலாளிக்கு அம்புட்டுப் பயமா? வேலை போனா போகட்டும். நான் சம்பாதிக்கேன். ஊருக்குப் போனாலும் கஞ்சி குடிக்கலாம். சுட்டது நாஸர்னா நாஸர் போய்ச் சொல்லட்டும்.

— நாஸர் சுடல்ல.

— பிறகு யாரு?

— யாரும் சுடல்ல.

— என்ன ஓய், எனக்கே கதை சொல்லுகீரா? யாரும் சுடாமலா அவனுக்குக் கால் போச்சு?

— உள்ளதச் சொல்லுகேன். விரல் வைக்கவே இல்ல அவன். கார்பெட்டோட வந்து நின்னு, அந்தா அந்த சோஃபாவுல இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். 'வல்லாஹ், உஸ்தாத், நான் தொடவே இல்ல'ன்னான். நான் நம்பல்ல. பிறகு பூட்டக் கழத்திப் பாத்தேன். அவன் சொன்னது சரி.

— எப்பிடிச் சரி?

— பூட்டுக்குள்ள ஒரு ஆணி உண்டு. அதுதான் குண்டுக்க பின்னால போய்க் குத்தும். இந்த மாடல்ல அதுக்கு ஸ்பிரிங் கெடையாது. முன்னயும் பின்னயும் சும்மா ஓடணும், ஆட்டிப் பாத்தா கலகலன்னு சத்தம் கேக்கணும். அதுல பழைய கிரீஸ் இறுகிக் கெடந்தா ஆணி முன்னால நீட்டிக்கிட்டு ஒட்டி நின்னுரும். குண்டப் போட்டுப் பூட்ட விட்டா, அது அடைக்க நேரத்துலயே வெடிச்சிரும். விரலே வேண்டாம். காலையில வஃப்ராவுல என்ன குளிரு தெரியுமா? மெழுகா உறைஞ்சிருக்கும்.

— அப்போ அந்த ஆணியக் கழத்தித் தொடைக்கணும்.

— ஆமா.

— தொடைக்காமச் சுடப்பிடாது.

— சுடப்பிடாது. பட்டாளத்துல புதுசா வாற பயலுக்கு முத நாள் சொல்லிக் குடுக்க பாடம் அது.

— நீரு ஏன் தொடைக்கல்ல?

— தொடச்சா கிரீஸ் போயிரும்லா.

— திரும்பச் சொல்லும்?

— இத்தாலிக்காரன் உள்ள கழத்திப் பாப்பான் தேவகனி! உள்ள உள்ள கிரீஸும் ஃபேக்டரி கிரீஸ்தான்னு அவனுக்குக் காட்டணும். நான் வெளிய மட்டும் தொடச்சேன். குழலத் தொடச்சேன். பூட்டுக்குள்ள கை வைக்கல்ல. சுவத்துல இருக்க வேண்டிய சாமானம்னுதான் அப்பிடி விட்டேன்.

— சுவத்துல இருக்க வேண்டியத அந்தப் பய ஏன் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போனான்?

— வியாழக்கிழம நாஸருக்க கூட்டுக்காரனுவ வந்திருந்தானுவ. நான் அங்க நிக்கேன். ஒருத்தன் கேக்கான், 'உஸ்தாத், இது சுவத்துல தொங்கதுக்கு மட்டும்தானா, இல்ல சுடவும் செய்யுமா?' கேட்டுட்டுச் சிரிக்கானுவ. எல்லா பயக்களும் சிரிக்கானுவ. எனக்குச் சுள்ளுன்னு ஏறிட்டு.

— என்ன சொன்னீரு?

— மியா மியா.

— நூத்துக்கு நூறா?

— நூத்துக்கு நூறு சுடும், நான் பாத்த துப்பாக்கின்னேன்.

— அட பாவி மனுசா. நாலு வெடலப் பயக்க சிரிச்சானுவன்னு சொல்லி! அவனுக்க காலு ஒமக்கு அந்த மஞ்சக் கிரீஸுக்கும் கீழயா போச்சு? கொழம்புல மீன் துண்டு பெருசா விழுந்தா 'அண்ணனுக்கு வைங்கக்கா'ன்னு தட்டத் தள்ளுகவன் அவன்!

— அவன் அங்க நிப்பான்னு எனக்குத் தெரியுமா? காலையில சுடப் போவானுவன்னு தெரியுமா?

— சுடும்னு சொன்னா சுடத்தானே செய்வான்!

— விழுந்தவன நீயும் ஏறி மிதிக்காத.

— பாத்ரூம்ல மண்ணெண்ண கேன் எதுக்கு இருக்கு?

— எந்தக் கேன்?

— வாளிக்குப் பின்னால மறைச்சு வச்ச கேன். பாத்ரூமுக்குப் போனேன், கண்டேன். எதுக்கு?

— சும்மா.

— ஆணியக் கழத்திக் கழுவதுக்கு. அப்பிடித்தானே? கழுவிட்டா அது கலகலன்னு ஓடும். எவன் வந்து பாத்தாலும் துப்பாக்கி கொள்ளாம், எந்தக் கொறையும் இல்ல. அப்போ தானா வெடிச்சுதுன்னு நாஸர் சொன்னா யாரு நம்புவா? அவன் சுட்டதாத்தான் ஆவும்.

— நாஸருக்கு அவனுக்க அப்பன் இருக்காரு. வக்கீல் வைப்பாரு. வெளிய வந்துருவான். எனக்கு யாரு இருக்கா?

— சோஃபாவுல இருந்து அழுதான்னு இப்பத்தானே சொன்னீரு? அந்தப் பயலுக்க தலையிலயா வைக்கப் போனீரு?

— பிறகு நான் ஜெயில்ல போய் இருக்கட்டுமா? சொல்லு! பட்டாளத்துல ஒருநாள் என்ன ஒருத்தன் கொறை சொன்னதில்ல. நான் பாத்த துப்பாக்கி வெடிச்சு ஆள் கால் போச்சுன்னு ஒரு சொல்லு வந்துட்டா, அதுக்குப் பிறகு நான் யாரு? பூ நாஸருக்குப் பயந்து ஒளிச்சு வச்சேன்னா நெனச்ச? போலீஸ்ல துப்பாக்கி வேலை தெரிஞ்சவன் ஒருத்தன் பூட்டக் கழத்துனா ஆணி ஒட்டிக்கிட்டு நிக்கும். யாரு செக் பண்ணுனதுன்னுதான் அடுத்த கேள்வி!

— கடைசியாக் கேக்கேன். கழுவாம, தொடைக்காம, இருக்கபடி கொண்டு போய்க் குடுக்கீரா?

— மாட்டேன்.

— நீராப் போனா அதுக்கு ஒரு மரியாதை உண்டு.

— மாட்டேன்னா மாட்டேன். நாஸர் சொல்ல மாட்டான், அவனுக்க அப்பன் சொல்ல மாட்டாரு. உடையப்பனுக்கு இந்த ஆணியும் கிரீஸும் என்ன தெரியும்?

— காலையில டூட்டி முடிக நேரம் போலீஸ் வார்டுக்கு வந்துது.

— எதுக்கு?

— உடையப்பன்கிட்ட கேக்கதுக்கு.

— இத ஏன் நீ முதல்லயே சொல்லல்ல? என்ன சொன்னான் அவன்?

— ஒம்ம வாயால வருதான்னு பாத்தேன். எல்லாத்தையும் சொன்னான். நாஸர் குண்டு போட்டத, பூட்ட விட்டத, விரல் வைக்கதுக்கு முன்ன வெடிச்சத.

— என்ன பத்தி? தேவகனி, என்ன பத்தி ஏதாவது சொன்னானா?

— குறி பாத்துச் சுடதுக்கு நெய் டின்ன வரிசையா அடுக்கி வைக்கச் சொன்னாங்களாம். அடுக்கிக்கிட்டிருந்தானாம். 'நேசண்ணே பாத்துக் குடுத்த துப்பாக்கி, ஒண்ணும் ஆவாதுன்னுதான் தைரியமா முன்னுக்க நின்னேன்'ன்னான்.

— போலீஸ்கிட்டயா சொன்னான்?

— என்கிட்ட சொன்னான், தமிழ்ல. வந்தவங்க அரபி. வார்டுல தமிழ் தெரிஞ்ச சிஸ்டர் நான் ஒருத்திதானே? நடுவுல என்னத்தான் நிறுத்துனாங்க. அவன் சொல்லச் சொல்ல, நான் அரபியில சொன்னேன்.

— அதையும் சொன்னியா?

— இல்ல.

— இல்லியா?

— அந்த ஒரு வரிய மட்டும் விழுங்கிட்டு மிச்சத்தச் சொன்னேன்.

— ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஸ்தோத்திரம்.

— வாய மூடும்! நோயாளி வயித்து வலின்னு சொன்னா வயித்து வலின்னுதான் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், நெஞ்சு வலின்னா நெஞ்சு வலி. வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து ஒரு சொல்லு கூட்டுனதில்ல, கொறச்சதில்ல. இன்னைக்கு ஒரு காலில்லாதவனுக்க வாயில இருந்து வந்ததத் திருடிட்டு வந்து நிக்கேன், ஒமக்காக! பஸ்ல வரும்போது என்ன நானே செருப்பால அடிக்கணும் போல இருந்துது.

— நீ என்னக் காப்பாத்திட்ட பிள்ளே. அழாத. இனி ஒண்ணும் இல்ல. நான் இப்பவே கழுவி, சாயங்காலத்துக்குள்ள கொண்டு குடுத்திருகேன். நம்ம பேரு எங்கயும் வராது.

— நான் இன்னும் சொல்லி முடிக்கல்ல.

— இன்னும் என்ன?

— நான் அரபியில சொல்லி நிறுத்துனதும் உடையப்பன் என்ன ஒரு பார்வ பாத்தான். பிறகு எனக்க கையத் தட்டி விட்டுட்டு, போலீஸ்காரன் பக்கம் மொகத்தத் திருப்பி, நான் விட்டுட்ட வரிய, தோட்டத்துல கேட்டுப் படிச்ச அரைகுறை அரபியில அவனே சொன்னான், ஒம்ம பேரோட.